சரசக்கா நேர்ந்துகொண்ட மணி

அன்றைக்குக் கரண்ட் போகும் என்று யாருக்கும் தெரியாது. பராமரிப்புக்காக நிறுத்துவதென்றால் முதல் நாளே ஓனர் வந்து சொல்லிவிடுவார். அன்று ஒரு காக்கை டிரான்ஸ்பார்மரில் போய் உட்கார்ந்ததாம். அந்தக் காக்கையைக் கும்பிடுவதா, திட்டுவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பாவம், அது செத்துப்போனது.

சோமனூர் பக்கம் ஒரு கிராமத்துத் தறிக்குடோன். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முந்தைய நேரம். வரிசையாக விசைத்தறிகள் ஓடினால் எப்படியிருக்கும் என்பது அதன் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். பல்லெல்லாம் அதிரும். அந்த இரைச்சலுக்கு நடுவில், காதில் மாட்டிய இயர்போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, என்னால் முடிந்த உச்சக் குரலில் நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"ஏனுங் சரசக்கா, சாப்ட்டாச்சுங்களா?"

சரசக்கா எனக்கு எதிர்த் தறி. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆனாலும் ஒரு எழுத்துகூட அவருக்குக் கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் தினமும் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கத்துவேன்.

அப்போதுதான் கரண்ட் போனது. தறிகள் சட்டென்று நிற்பதில்லை. தடக், தடக் என்று இரண்டு மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடங்கும். என் வாக்கியத்தின் முதல் பாதி இரைச்சலோடு போய்விட்டது. 'சாப்ட்டாச்சுங்களா' மட்டும் அந்த அமைதியில் தனியாக விழுந்தது. விழும்போதே உடைந்து, அடித்தொண்டையில் கரகரவென்று ஆண் குரலாக முடிந்தது.

"இன்னும் இல்ல அம்மணி" என்றார் சரசக்கா, அறுந்த இழையை முடிந்துகொண்டே.

பிறகு அவர் கை நின்றது. மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குடோனே என்னைப் பார்த்தது. ஏனென்றால் அந்த நிமிஷம் வரைக்கும் நான் வாய் பேச முடியாதவள் என்றுதான் அங்கே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கையால் பேசுகிறவர்கள்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஊமை என்று யாரிடமும் சொன்னதில்லை. அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

தறிக்குடோனில் வாய்க்கு வேலை கிடையாது. விரலைச் சுழற்றினால் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு விரலைக் கத்தரி போலக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் டீ. உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கினால், எந்த வேலையில் இருந்தாலும் தறியை நிறுத்திவிட வேண்டும். கை நசுங்காமல் இருக்க அதைத்தான் முதலில் கற்றுக்கொடுப்பார்கள். எனக்கு அதைக் காட்டித் தந்தவர் எங்கள் குடோன் ஃபிட்டர் ரங்கண்ணன்.

வேலை நேரத்தில் எல்லோரையும் போலக் கையால் பேசினேன். டீ நேரத்தில் சிரித்துத் தலையாட்டினேன். கொஞ்ச நாளில் 'பாவம், பேச்சு வராது போல' என்று தீர்மானமாகிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை இருக்கிறதே, அது பெரிய வசதி. முகத்துக்கு நேராக யாரும் கேட்கவே மாட்டார்கள்.

என் பெயர் வளர்மதி. பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரின் மேலேயே இப்போது கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். குடோனில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஓனர் எங்களைத் தறி நம்பரால்தான் கூப்பிடுவார். நான் திருநங்கை என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஈரோட்டுத் தோழி ஒருத்தி சொல்லி வேலை கேட்டபோது, "தறி ஓட்டத் தெரியுமா? தெரிஞ்சாச் செரி" என்று முடித்துக்கொண்டார். பெண்களுக்கு நான் 'அம்மணி'. கொங்கு நாட்டில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பெயரே இல்லாமல் ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம்.

வெள்ளகோவிலில் எங்கள் வீட்டிலேயே தறி இருந்தது. வீட்டை விட்டு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். ஆனாலும் முதலில் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில்தான் சேர்ந்தேன். புடவையும் முடியும் முகமும் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. 'வாங்கக்கா, என்ன பாக்கறீங்க' என்று வாயைத் திறந்தால் போதும், துணியைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகளெல்லாம் என் பக்கம் திரும்பும். டாக்டர் தரும் மாத்திரை உடம்பை மாற்றும், தொண்டையைத் தொடாது. பையன்களுக்கு உடைகிற வயதில் உடைந்த குரலை எந்த மாத்திரையும் ஒட்டவைக்காது. இது எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தெரிந்தபோது நாள் முழுக்க அழுதேன்.

அதற்குப் பிறகுதான், இரைச்சல் மிகுந்த வேலையாகப் பார்த்துத் தேடி வந்தேன்.

கெட்டிக்காரத்தனம்

செல்போனில் யாரோ ஒரு வெளிநாட்டு அம்மணி குரல் பயிற்சி சொல்லித்தரும் வீடியோக்களைக் கண்டுபிடித்தேன். பாதி புரிந்தது. குரலை மேலே தூக்கு, மேலே தூக்கு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். எங்கே பழகுவது? தறிக்காரர்கள் நாங்கள் இருந்தது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. பக்கத்து அறையில் சரசக்கா புரண்டு படுத்தால் எனக்குக் கேட்கும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சத்தத்துக்குள் நின்று சத்தம் போட்டால் யாருக்குக் கேட்கும்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். எனக்கே என் குரல் கேட்காது என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை. காலையில் எழுந்தால் தொண்டை மிளகாயை அரைத்துப் பூசியதுபோல எரியும். குரல் மாறுவதற்கான அறிகுறி என்று சந்தோஷப்பட்டேன். அதிகெட்டிக்காரிக்கு மூன்று இடத்தில் அசிங்கம் ஒட்டும் என்பார்கள், நான் அந்த ரகம்.

ஏன் அந்த வாக்கியம் என்று கேட்பீர்கள். தினமும் மதியம் சரசக்கா தறிக்கு அந்தப் பக்கம் நின்று, கையை வாய்க்குக் கொண்டுபோய், 'சாப்ட்டியா' என்று என்னைக் கேட்பார். நான் என்ன தலையாட்டினாலும் தன் தூக்குப்போசியிலிருந்து கொள்ளுப் பருப்பை எடுத்து என் சோற்றில் வைப்பார். ஒரு நாளாவது நான் முந்திக்கொண்டு அவரைக் கேட்க வேண்டும். வாயால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

குழாயடியில்

"அய்யோ, ஊமப் புள்ள பேசுது!" என்று முதலில் கத்தியது கமலம். குடோனில் கூட வேலை செய்பவள், லைன் வீட்டில் எனக்கு எதிர் வீட்டுக்காரி. அடுத்த மூச்சிலேயே, "ஆம்பளக் கொரலு!" என்றாள்.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கரண்ட் வந்ததும் தறிக்கு ஆள் வேண்டுமே. நின்ற இடத்திலேயே நின்றேன். கரண்ட் வந்தது, ஓட்டினேன். அன்றைக்கு மதியம் சரசக்கா என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அடி.

சாயங்காலம் குழாயடியில் எல்லோரும் கூடிவிட்டார்கள். கமலம் கெட்டவள் இல்லை. நேராகத்தான் பேசினாள்.

"தப்பா நெனச்சுக்காத. ஊட்டுல வயசுக்கு வந்த புள்ள இருக்குது. எல்லாத்துக்கும் ஒரே குளிக்கற எடம். நீ ஆருன்னே தெரியாம இத்தன நாளா இருந்துபோட்டோம். வேற எடம் பாத்துக்க."

"நான் பொம்பளதானுங்க" என்றேன்.

அந்த இரண்டு சொல்லும் எந்தக் குரலில் வரக் கூடாதோ அந்தக் குரலிலேயே வந்தன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அடிக்கக் கை ஓங்கியிருக்கிறார்கள். அந்தச் சின்னச் சிரிப்பு அதையெல்லாம் விட வலித்தது.

அதுவரை குடத்தின் மேல் கை வைத்து நின்றிருந்த சரசக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இவ எங்கயும் போகக் கூடாது. நான் மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டு இருக்கறேன்."

எல்லோரும் திரும்பினார்கள். எனக்கும் அது புதுச் செய்தி.

"போன நோம்பியில நேந்துக்கிட்டேன். இந்தப் புள்ளைக்குப் பேச்சு வந்தா கோயில்ல மணி கட்டறேன்னு. கட்டாம உட்டா சாமி குத்தம் ஆயிரும்."

"அவதான் ஊமையே இல்லியேக்கா. அப்பறம் என்ன நேத்திக்கடன்?" என்றாள் கமலம்.

"இத்தன நாளாப் பேசுனாளா?"

"இல்ல."

"இன்னைக்குப் பேசுனாளா?"

"பேசுனா."

"அப்பறம் என்ன? நான் கேட்டது பேச்சு. ஆத்தா குடுத்துட்டா. ஆம்பளக் கொரலா பொம்பளக் கொரலான்னு நான் வெவரமாச் சொல்லாம உட்டுப்போட்டேன். அது என்ற தப்பு."

கடைசியில் பேசி முடித்தது இதுதான். அடுத்த நோம்பி, அதாவது மாரியம்மன் திருவிழா வரைக்கும் நான் இருக்கலாம். அந்தக் கோயில் வழக்கப்படி மணி கட்டும்போது, பேச்சு வந்தவர் ஆத்தா முன்னால் நின்று தன் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவும் ஊர் கூடியிருக்கும்போது; அதுவரை அந்தப் பெயரை யாரும் கேட்கக் கூடாது. அது முடிந்த பிறகு நான் இருப்பதா போவதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

"அன்னைக்கும் இந்தக் கொரலு வந்துச்சுன்னா ஊரே சிரிச்சுப்போடும். அப்பறம் எங்கள ஒன்னும் சொல்லக் கூடாது" என்று கமலம் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

கோபம் வந்தது. நான் பெண் என்பதற்கு என் தொண்டை எதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்? கமலத்தின் மாமியார் இருமினால் லாரி ஸ்டார்ட் ஆவதுபோல இருக்கும். அவரை யாராவது கேட்டார்களா? கோபம் நியாயம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், கமலம் கேட்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அந்தக் குரல் எனக்கு வேண்டியிருந்தது. அது என்னுடையது, இன்னும் கைக்கு வரவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வேன். நோம்பிக்குள் அதை எப்படியாவது எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

துடியலூர் பஸ்

துடியலூரில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன அறை. நிவேதா மேடம் பேச்சுப் பயிற்சி தருகிறவர். பக்கவாதம் வந்தவர்கள், திக்கிப் பேசும் குழந்தைகள் நடுவில் நானும் போய் உட்கார்ந்தேன். என்னைவிடச் சின்னப் பெண். என் கதையைக் கேட்டு முதலில் நன்றாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "தறிக்குள்ள நின்னு கத்துனீங்களா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். குரல் நாண் வீங்கியிருக்கிறது என்றார்கள்.

"ஒரு வாரத்துக்கு வாயே தொறக்கக் கூடாதுங்கக்கா. முணுமுணுக்கக்கூடக் கூடாது" என்றார் நிவேதா மேடம்.

பேச்சு வந்தவளைப் பேசாதே என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்து கையால் விஷயத்தைச் சொன்னேன். "பாருங்க, மறுபடியும் ஊமையாயிட்டா!" என்றாள் கமலம். சரசக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மணி கட்டத் தாமதமானதால் ஆத்தா கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டாள் என்று பயந்து, கற்பூரத்தோடு கோயிலுக்கு ஓடினார். மருந்துச்சீட்டைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த வாரம் கழிந்ததும் வேலை தொடங்கியது. முதல் பாடமே விநோதம். டம்ளர் தண்ணீரில் இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவை விட்டு, 'ஊ' என்று குமிழி விட வேண்டும். தொண்டை இறுகாமல் குரல் வர அது ஒரு வழி. பிறகு வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். ஒரு கை நெஞ்சில், ஒரு விரல் உதட்டில்.

"நெஞ்சுல அதிருதா?"

"அதிருதுங்க மேடம்."

"அப்போ கீழ எறங்கிருச்சு. உதட்டுலயும் மூக்குத்தண்டுலயும் அதிரணும். மேல தூக்காதீங்க, முன்னால கொண்டு வாங்க."

மேலே, முன்னால். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட எனக்கு ஒரு பருவமே ஆனது. துடியலூர் போய்வரும் பஸ்ஸில், காந்திபுரத்தில் மாறி, வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டு முனகுவேன். பக்கத்து சீட் ஆள் எனக்கு அருள் வந்துவிட்டதென்று எழுந்து போயிருக்கிறார். எனக்கென்ன, ஜன்னல் சீட் கிடைத்தது.

பேச்சின் ராகம், அதன் ஏற்ற இறக்கம், அடுத்த பாடம். டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணைப் பார்த்து அப்படியே பழகினேன். சரசக்காவிடம் பேசிக் காட்டினேன்.

"ஏங் கண்ணு, நாட்டுல ஏதாச்சும் கலவரமா?" என்றார்.

நிவேதா மேடத்திடம் சொன்னபோது, "டிவிய அணைங்க. உங்க லைன் வீட்டுல பொம்பளைங்க பேசறதக் கேளுங்க" என்றார். அன்றிலிருந்து சரசக்காவைக் காது கொடுத்துக் கேட்டேன். எங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் எல்லோரும்தான் 'ங்க' போடுகிறார்கள். ஆண்கள் அதை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சரசக்கா அதைக் கொஞ்சம் இழுத்து, ஒரு ஆட்டு ஆட்டி, சிரிப்பை அதில் சேர்த்துத்தான் இறக்கிவைப்பார். காலையில் வேலிப்பக்கம் போய் நின்று, ஆடுகளைப் பார்த்து, "ஏனுங், எங்கீங்க கெளம்பீட்டீங்க?" என்று பழகினேன். ஆடுகள் என்னை ஒருபோதும் திரும்பிப் பார்த்துச் சிரித்ததில்லை.

எளிதாகச் சொல்லிவிட்டேன். எளிதாக இல்லை. நன்றாக வந்த குரல் மறுநாள் காணாமல் போகும். கோபம் வந்தால், தூக்கக் கலக்கத்தில், பழையது எட்டிப்பார்க்கும். தும்மல் மட்டும் இன்றைக்கும் வெள்ளகோவில் ஆம்பளையாகத்தான் வருகிறது. விட்டுவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுத நாள் உண்டு. அழுது முடித்துவிட்டு அடுத்த துடியலூர் பஸ்ஸில் ஏறினேன்.

நோம்பிக்கு முன் கடைசி வகுப்பில் நிவேதா மேடம் ஒன்று சொன்னார்.

"சத்தம் இருக்கற எடத்துல மட்டும் பேசீராதீங்கக்கா. சத்தத்தோட போட்டி போட்டா உங்க பழைய கொரலுதான் ஜெயிக்கும்."

நான் தலையாட்டினேன். கோயில் நோம்பியில் சத்தம் இருக்குமே என்று இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

மணி

மாரியம்மன் கோயில் முன்னால் தப்பட்டையும் உருமியும் சேர்ந்து முழங்கிக்கொண்டிருந்தன. எங்கள் குடோனைப் போல நாலு குடோன் சத்தம். மஞ்சள் சேலையில் சரசக்கா தட்டோடு நின்றார். தட்டில் மஞ்சள் கயிறு கோத்த வெண்கல மணி. லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கமலம் தன் மகளோடு எனக்கு நேர் பின்னால் நின்றாள்.

பூசாரி மணியை ஆத்தா காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஆரு பேர்லீங் கட்டறது? பேச்சு வந்த அம்மணி ஆருங்க? பேரச் சொல்லுங்."

மெதுவாகச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"கேக்குலீங் அம்மணி. சத்தமாச் சொல்லுங்."

"சத்தமாச் சொல்லு" என்றாள் பின்னாலிருந்து கமலம்.

கத்துவதற்கு நெஞ்சு தயாராகிவிட்டது. என் கை அதன் மேல்தான் இருந்தது. அடியில் அது அதிர ஆரம்பிப்பது எனக்குத் தெரிந்தது. இப்போது கத்தினால் என்ன வரும் என்பதும் தெரிந்தது. சரசக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு எதையோ வேண்டிக்கொண்டிருந்தது.

நான் திரும்பினேன். மேளக்காரர்களுக்கு முன்னால் நின்று தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் ஃபிட்டர் ரங்கண்ணன். அவர் கண்ணில் படுகிற மாதிரி, உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கினேன்.

தறியை நிறுத்து.

ரங்கண்ணன் யோசிக்கவேயில்லை. வருஷக்கணக்கான பழக்கம், கை தானாக நின்றுவிட்டது. அவர் நின்றதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். உருமி ஒரு முறை உறுமிவிட்டு அடங்கியது. கரண்ட் போன அன்று வந்த அதே அமைதி. இந்த முறை அதை வரவைத்தது நான்.

அவசரப்படவில்லை. வாயை மூடி, மெல்ல ஒரு முறை முனகிப் பார்த்தேன். உதட்டில் அதிர்ந்தது. நெஞ்சு சும்மா இருந்தது.

"வளர்மதிங்க. வெள்ளகோவில் வளர்மதி."

கோயில் வாசல் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கடைசியில் கொஞ்சம் நடுங்கியது. நடுங்கினாலும் விழவில்லை.

"வளர்மதி பேர்ல!" என்று உரக்கச் சொல்லிப் பூசாரி மணியைக் கட்டி அடித்தார். தப்பட்டை திரும்பவும் கிளம்பியது. சரசக்கா அழுதுகொண்டே என் முதுகில் ஒன்று வைத்தார்.

"இத்தன நல்ல பேர வெச்சுக்கிட்டு அம்மணி அம்மணின்னு என்னையக் கூப்புட உட்டுட்டியேடி!"

நானும் அழுதேன். "ஏனுங் சரசக்கா, சாப்ட்டாச்சுங்களா?" என்று கேட்டேன். விரதம் இருக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

கமலம் மகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். இருப்பதா போவதா என்று யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. போகச் சொன்னால் கிளம்பத் தயாராக, அன்று இரவு துணிப்பையை எடுத்து வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். வெளியே குழாயடியில் குடங்கள் உருளும் சத்தம்.

"வளர்மதீ! தண்ணி வந்துருச்சு. கொடத்த எடுத்துட்டு வா, நின்னு போயிரும்!"

கமலத்தின் குரல்.

"வாரேனுங்க!" என்று கத்திவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதிக் குடம் நிறைந்த பிறகுதான் உறைத்தது. எந்தக் குரலில் பதில் சொன்னேன்? நான் கவனிக்கவேயில்லை. கமலமும் கவனித்த மாதிரி தெரியவில்லை. தன் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி, என் குடத்துக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தாள்.